சத்தத்தை ஒப்புக்கொடுத்தவர்

இருட்டி, இரவு ஜெபம் முடிந்து, மடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு அந்தச் சத்தம் வந்தது.

கனமான எதையோ யாரோ தரையோடு தரையாக இழுத்தார்கள். சற்று நின்றது. மறுபடி இழுபட்டது. பிறகு மரத்தில் கல் மோதியதுபோல் ஒரு சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை.

சிஸ்டர் ஜெனோவா தன் அறையில் முழந்தாளில் இருந்தார். சத்தம் பின்சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. மடத்தில் அது பெரிய மௌனத்தின் நேரம். இரவு ஜெபம் முடிந்ததிலிருந்து விடியற்காலை மணி அடிக்கும்வரை யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்ப்பதும் இல்லை.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்தத் தொந்தரவை உமக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கிறேன்" என்றார்.

முந்தின இரவும் அப்படித்தான் ஒப்புக்கொடுத்தார். அதற்கு முந்தின இரவும்.

சிஸ்டர் ஜெனோவா நகரத்தில் பெரிய பெண்கள் பள்ளி ஒன்றுக்கு நெடுங்காலம் தலைமையாசிரியையாக இருந்தவர். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியில் கேட்டாலே இந்தக் கோடி வகுப்பு அடங்கும். ஓய்வு பெற்றதும் கடற்கரைச் செம்மணலில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு அவரை அனுப்பினார்கள். இங்கே தலைவி மதர் தெக்லா. ஜெனோவாவைவிட மிகவும் இளையவர். அவரிடமே படித்தவர்.

வந்த அன்றே ஜெனோவா சொன்னார்.

"மதர், இவ்வளவு காலமும் நான் சொன்னேன், மத்தவங்க கேட்டாங்க. இனி நான் கேட்கணும். எனக்குக் கீழ்ப்படியக் கத்துக்குடுங்க."

"நீங்க எனக்குக் கத்துக்குடுத்தது பின்னக் கணக்கு. அதுவே எனக்கு இன்னும் சரியா வரல" என்றார் மதர் தெக்லா.

"விளையாடாதீங்க மதர். இறைவன் சொல்றது எது, என் மனசு சொல்றது எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியணும். சாகுறதுக்குள்ள தெரிஞ்சாப் போதும்."

மதர் தெக்லா எழுந்தார். கோழிகளை அடைக்கப் போய்விட்டார்.

பதில் வராததால் ஜெனோவா ஒழுங்குகளைப் பிடித்துக்கொண்டார். மணி அடிக்கும் முன்பே கோவிலில் இருந்தார். வைத்ததைச் சாப்பிட்டார். ஒருநாள் குழம்பில் உப்பே இல்லை. சமையல் பார்க்கும் சகோதரி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, ஒருத்தராவது சொல்லக்கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜெனோவா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குழம்பில் இல்லாத ருசி அந்தத் தாழ்த்தலில் இருந்தது.

வாரத்தில் ஒருநாள் சகோதரிகள் ஒவ்வொருவராகத் தலைவியின் முன் முழந்தாளிட்டு, ஒழுங்கில் தவறியதைச் சொல்வது அந்த மடத்து வழக்கம். ஜெனோவாவின் முறை வந்தது. முட்டி மடங்கும்போது சொடக்கிட்டது.

"மெதுவா சிஸ்டர். என்னை நீங்க கரும்பலகைக்குப் பக்கத்துல முட்டி போடவச்சப்ப எனக்கு வயசு கம்மி" என்றார் மதர்.

மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை.

"மதர், இரவு மௌனத்துல என் மனசு சிதறுது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். எரிச்சலா வருது. ஆனா நான் ஒருநாளும் எழுந்து போகல. ஜன்னலைத் திறக்கல. மௌனத்தைக் காப்பாத்தினேன். சத்தத்தை ஒறுத்தலா, தவமா ஏத்துக்கிட்டு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்."

"என்ன சத்தம்?"

"கல்லை இழுக்கிற மாதிரி."

மதர் தெக்லாவின் அறை தெருப் பக்கம். அவருக்கு அது கேட்டதில்லை.

"ரொம்ப நாளாவா?"

"நான் வந்ததுலேர்ந்தே."

"யாரு இழுக்கிறா?"

"தெரியாது மதர்."

"எதுக்கு?"

"தெரியாது."

"இன்னதுன்னே தெரியாம எப்படி ஒப்புக்கொடுத்தீங்க?"

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் மதர். "பகல்தானே. இப்ப மௌனம் இல்லையே."

பின்சுவருக்கு அப்பால் ஒரேயொரு வீடுதான் இருந்தது. ஓட்டு வீடு. ஒற்றைக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் பனைகள் நிற்கும் விளை. வாசலில் ஓர் இளம்பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். சிஸ்டரைக் கண்டதும் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்தாள்.

"பேரு என்ன?"

"ஜசிந்தா சிஸ்டர்."

"வீட்டுக்காரர் எங்கே?"

"அவுக வெளிநாட்டுல இருக்காக. கட்டட வேல."

"ராத்திரி இங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"ஒண்ணுமில்லாம எப்படிச் சத்தம் வரும்?"

ஜசிந்தா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பல் முளைக்கிற பருவம். பிள்ளை தன் கையையே கடித்துக்கொண்டிருந்தது.

"அம்மியைக் கொஞ்சம் நகத்துவேன். அவ்வளவுதான்."

"ராத்திரியிலயா? அது மடத்துல ஜெபநேரம்மா."

"தப்புதான் சிஸ்டர். இனி சத்தம் வராது."

ஜெனோவா தலையசைத்துவிட்டுத் திரும்பினார். பள்ளியில் ஒரு விஷயத்தை முடித்துவைத்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது நடக்கிற நடை அது.

மதர் தெக்லா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மியை நகத்துறாளாம் மதர். இனி நகத்தமாட்டா."

"எதுக்கு நகத்துறா?"

"சொல்லல."

"எங்க உட்கார்ந்து பேசினீங்க?"

"உட்காரல. நாற்காலி இல்ல."

"தரை?"

ஜெனோவா உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மறுபடி போங்க" என்றார் மதர்.

"சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிச்சிடும் மதர். நாளைக்குப் போகட்டுமா?"

மதர் தெக்லா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கீரைக்குத் திரும்பினார்.

"உங்க இஷ்டம்."

ஜெனோவா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனார்.

அன்றிரவு கல் இழுபடவில்லை. மடத்தைச் சுற்றிப் பனையோலைச் சலசலப்பு மட்டும்தான். ஜெனோவா நன்றி சொல்லி ஜெபித்துவிட்டுப் படுத்தார். அரைத்தூக்கத்தில் பிள்ளை அழுவது கேட்டது. பல் முளைக்கிறது அல்லவா என்று நினைத்துக்கொண்டார். அழுகை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்து நகர்ந்து தூரமாகப் போனதுபோல் இருந்தது. அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

காலையில் போனபோது ஜசிந்தா வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. அவள் ஒரு காலை நீட்டி, பாதத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பாதம் முழுக்க நெருஞ்சி முள்.

ஜெனோவா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சுவரைப் பிடித்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முக்காட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார்.

"காலை இப்படிக் குடு."

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர். காலைப் போயி..."

"பிள்ளை முழிச்சிடும். ஆடாதே."

பாதத்தைத் தன் மடியில் வைத்து முள்ளை எடுக்க ஆரம்பித்தார். கண் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமலிருந்ததால்தானோ என்னவோ, ஜசிந்தா தானாகப் பேசினாள்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது சிஸ்டர். எங் கொழுந்தன் தொம்மை மிதிச்ச மிதியில நிலையோட பேந்துட்டு. குடிச்சிட்டு வாரான். இந்த வீட்டை விட்டு நான் போகணும், அவ்வளவுதான் அவனுக்கு. அதான் அம்மியைக் கதவுக்கு அண்டக் குடுப்பேன். தள்ளிப் பாத்துட்டுப் போயிருவான்."

ஊசி நின்றது.

"நேத்து?"

"நேத்து நகத்தல. நீங்க சொன்னீகல்லா."

ஜெனோவாவின் கை அந்தப் பாதத்தின்மேல் அப்படியே இருந்தது.

"உள்ள வந்துட்டான். எம் பாயிலயே விழுந்து படுத்துட்டான். நான் பிள்ளையத் தூக்கிட்டு விளைக்குள்ள ஓடிட்டேன். விடியுமட்டும் பனைமூட்டுல உக்காந்திருந்தேன். பிள்ளை அழுதா இடம் தெரிஞ்சிருமேன்னு வாயைப் பொத்துனேன் சிஸ்டர். பெத்த பிள்ளை வாயைப் பொத்துனேன்."

அவள் அழவில்லை. பிள்ளையின் தலையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மடத்துக் கதவைத் தட்டியிருக்கலாமேம்மா."

"ராத்திரி மடத்துல யாரும் பேசமாட்டாகன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே சிஸ்டர்."

ஜெனோவா மடத்துக்குத் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. நேரே தலைவியின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவும் மறந்தார்.

"தெக்லா, போனை எடு" என்றார். பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. "மன்னிச்சிடுங்க மதர். இன்ஸ்பெக்டர் மனைவி என் பள்ளிக்கூடத்துப் பொண்ணு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவனை உள்ள வச்சிடுவாங்க."

எல்லாவற்றையும் சொன்னார். மதர் தெக்லா கேட்டு முடித்தார்.

"அவ என்ன கேட்டா?"

"அவ என்ன கேட்பா, பாவம். போலீஸ் வேண்டாம்ங்கிறா. வீட்டுக்காரன் வந்து பேசட்டும்ங்கிறா."

"மடத்துல வந்து படுக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒருநாள் வீட்டைப் பூட்டிட்டு வெளிய கால் வச்சா மறுநாள் மாமியாரைக் கொண்டுவந்து குடி வச்சிடுவானாம். வீட்டை விட்டு வரமாட்டாளாம்."

"போலீஸ் வேணும்னு அவ கேட்கிற அன்னைக்கு நானும் கூட வர்றேன். இன்னைக்கு என்ன கேட்டா?"

ஜெனோவா மூச்சு விட்டார்.

"ஒரு தாழ்ப்பாள்."

"சரி."

"மதர்..." அவர் குரல் இறங்கியது. "நான் அந்தச் சத்தத்தை..."

"ஒப்புக்கொடுத்தீங்க."

"ஆமா."

"ஒப்புக்கொடுக்க, அது யாரோடது சிஸ்டர்?"

ஜெனோவா வாசலிலேயே நின்றார். அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை.

ஆசாரி ஊர்க் கோவிலில் இருந்தார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சப்பரத்துக்குப் புதிதாக மேற்கூரை செய்துகொண்டிருந்தார்.

"நிலையே பொளந்துட்டு சிஸ்டர். பிளந்த மரத்துல தாழ்ப்பாள் நிக்காது. வேற நிலை செதுக்கணும். திருவிழா முடியட்டும், மொத வேல அதுதான்."

"ஒரு பெண்ணும் பிள்ளையும் பயந்து கிடக்காங்க."

"சப்பரத்தை விட்டுட்டு எந்திரிச்சா சாமியார் என்னைத்தான் சப்பரத்துல ஏத்துவாரு."

ஜெனோவா திரும்பி வந்து சொன்னார்.

"அதுவரைக்கும்?" என்றார் மதர்.

"இனி அம்மியை அண்டக் குடுத்தும் பிரயோசனம் இல்ல. ஒருதரம் உள்ள வந்துட்டான். ருசி கண்டுட்டான். ராத்திரி அந்த வாசல்ல யாராவது இருக்கணும்."

"யாராவதுன்னா?"

ஜெனோவா தன் கைகளைப் பார்த்தார்.

"நான் போறேன். ஆனா பெரிய மௌனம் இருக்கே மதர். ஒழுங்கை மீறினதா ஆகாதா?"

"யாரு மீறச் சொன்னா? அங்க போய் மௌனமா இருங்க. அவன் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க."

"திறக்காமலா? என் குரல் ஒண்ணு போதும் மதர், அவன் இந்தப் பக்கமே வரமாட்டான்."

"தெரியும். எனக்கே இன்னும் அந்தக் குரலைக் கேட்டா எழுந்து நிக்கத் தோணும். நீங்க அவனைத் தெருவுல வச்சு அவமானப்படுத்திட்டு வந்துடுவீங்க. அந்தக் கோபத்தை அவன் யார் மேல காட்டுவான்?"

ஜெனோவா ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

"சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். ஆபத்துன்னா டார்ச்சை மேல அடிங்க. ஓடி வந்திடுறேன்" என்றார் மதர் தெக்லா.

அன்று இருட்டியதும் சிஸ்டர் ஜெனோவா பாயோடும் ஜெபமாலையோடும் போய் ஜசிந்தாவின் கதவுக்கு வெளியே, மண்தரையில் உட்கார்ந்தார். கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டார். ஜசிந்தாவிடம் பகலிலேயே சொல்லியிருந்தார்கள். உள்ளே அவள் படுக்கவில்லை என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

ஊர்க் கோவிலில் திருவிழாவுக்கு முந்தின நவநாள் ஜெபப் பாட்டு முடிகிற நேரத்துக்குத் தொம்மை வந்தான்.

"யாரு அது? அட, மடத்துப் பெரியம்மால்லா! என்ன சிஸ்டர், மடத்துல பாய் விரிக்க இடம் பத்தலையோ?"

ஜெனோவா ஜெபமாலையில் ஒரு மணியை உருட்டினார்.

"எங்கண்ணன் வீடு இது. வழிய விடுங்க."

அடுத்த மணி.

அவன் எதிரில் குந்தினான். சாராய நெடி முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைபோல உள்ளங்கையை நீட்டினான்.

"பெரிய டீச்சராமே. கைய நீட்டுனா பிரம்பால போடுவீகளாமே. போடுங்க பாப்போம். இந்தா. ம்?"

அவருடைய தொண்டை வரை வார்த்தை வந்தது. எந்த வார்த்தையில் அவன் சுருங்குவான் என்று அவருக்குத் தெரியும். அத்தனை வருஷத் தொழில் அது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏ கிழவி, ஊமையா நீ?"

அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெபமாலை கையிலிருந்து நழுவியது. அவன் காலால் அதை எட்டத் தள்ளினான். அவர் ஊர்ந்து போய் எடுத்தார். கதவை விட்டு விலகிவிட்டோம் என்று உடனே உறைத்தது. அதே வேகத்தில் திரும்பி வந்து கதவில் சாய்ந்தார். மூச்சு இரைத்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

நவநாள் முடிந்து பெண்கள் மூன்று நான்கு பேராக அந்த வழியே வந்தார்கள். நின்றார்கள்.

"சிஸ்டரா அது? இங்க என்ன செய்யுதீக?"

ஜெனோவா வாய் திறக்கவில்லை. பெண்கள் அவரைப் பார்த்தார்கள். தொம்மையைப் பார்த்தார்கள். அவன் எழுந்து, வேட்டியை உதறி, யாரையும் பார்க்காமல் விளைப்பக்கம் நடந்தான்.

அதற்குப் பிறகு அவன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான். சில இரவுகளில் வரவே இல்லை. ஆனால் ஊருக்குள் பேச்சு கிளம்பியது.

"பெரிய பள்ளிக்கூடத்துச் சிஸ்டரை மடத்துல சேக்கலையாம். வெளிய தள்ளிட்டாகளாம்."

"என்ன தப்பு பண்ணிச்சோ."

"தப்பென்ன தப்பு. வயசுக் கோளாறு. பேச்சு வேற நின்னு போச்சாம்."

கடையில் சோப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் அவரிடம் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேசினார், காது கேளாதவரிடம் பேசுவதுபோல. பங்குச் சாமியாரே ஆள் விட்டு விசாரித்தார்.

ஜெனோவா தலைவியிடம் வந்தார்.

"மதர், எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு ஊர் பேசுது."

"மறுத்துச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. என்னோட பேரு..." நிறுத்தினார். யோசித்தார். "மறுத்தா, அப்ப எதுக்கு அங்க படுத்திருக்கான்னு கேட்பாங்க."

"கேட்பாங்க."

"அவன் உள்ள வந்த கதை வெளிய வரும்."

"வரும்."

"இந்த ஊரு அவளைத்தான் பேசும். அவனைப் பேசாது."

மதர் தெக்லா காத்திருந்தார்.

"புத்தி பிசகினதாவே இருக்கட்டும் மதர்" என்றார் ஜெனோவா. அப்போது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அழுதார்.

திருவிழா வந்து போனது. சப்பரம் தெருவெல்லாம் சுற்றியது. அன்றும் அவர் அந்த வாசலில்தான் இருந்தார். வாணவெடிச் சத்தத்துக்குப் பிள்ளை வீறிட்டபோது ஜசிந்தா கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். மௌன நேரம். அவர் பாட்டில்லாமலே அதைத் தட்டித் தூங்கவைத்தார்.

அப்புறம் அவருக்கு அந்த வாசல் பழகிவிட்டது. மணலின் குளிர்ச்சி பழகிவிட்டது. ஜசிந்தா ஒரு சாக்கை மடித்துப் போட்டுவைத்தாள். அந்தியில் சுக்குக் காப்பி கொடுத்தாள். பிள்ளை அவரைத் தூரத்தில் கண்டாலே கையை ஆட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஜசிந்தா தூங்கும்போது அவளுடைய மூச்சு பலகை வழியாகக் கேட்கும். முதலில் விட்டு விட்டு வந்த மூச்சு, நாளாக ஆக நீண்டு சீரானது. அதைக் கேட்பதற்காகவே ஜெனோவா விழித்திருந்தார். இரவு ஜெபத்துக்கு மணி அடிப்பதற்குள் பாயைச் சுருட்டித் தயாராக வைத்துவிடுவார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

மதர் தெக்லா அதைப் பார்த்தார்.

ஆசாரி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பழைய நிலையைப் பெயர்த்தெடுத்து, வேப்பமரத்தில் புது நிலை வைத்தார். கனத்த இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். "இனி யானை வந்தாலும் வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இருட்டியதும், இரவு ஜெபத்துக்கு முன்பே, ஜெனோவா பாயை எடுத்தார்.

"எங்க?" என்றார் மதர் தெக்லா.

"புதுத் தாழ்ப்பாள் மதர். அவளுக்குப் பழக்கமில்ல. இன்னைக்கு ஒருநாள் மட்டும்..."

"சரி. நானும் வர்றேன்."

இரண்டு பேரும் போனார்கள். ஜசிந்தா கதவைத் திறந்தாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெனோவாவின் கையில் பாயைப் பார்த்தாள்.

"இனி நீங்க பனியில கிடக்க வேண்டாம் சிஸ்டர்."

"இன்னைக்கு மட்டும் இருக்கேம்மா."

"வேண்டாம் சிஸ்டர்" என்றாள் ஜசிந்தா. மெதுவாகத்தான் சொன்னாள். "கோவிச்சுக்கிடாதீக. எங் கையால கதவைப் பூட்டி, நானும் எம் பிள்ளையுமா, ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணும்."

கதவு சாத்திக்கொண்டது.

இரும்பு நகர்கிற சத்தம் கேட்டது. பாதியில் சிக்கியது. மறுபடி முயன்றாள். மறுபடி சிக்கியது.

"கதவைத் தன் பக்கமா இழுத்துப் பிடிச்சிட்டுத் தள்ளணும். ஆசாரி செஞ்சு காட்டினப்ப நான் பார்த்தேன்" என்றார் ஜெனோவா. தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

மதர் தெக்லா தடுக்கவில்லை. அவரைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான்.

தூக்கிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது.

"மதர்."

"ம்."

"எனக்கு ஏன் இப்படிக் கஷ்டமா இருக்கு? சந்தோஷம்தானே படணும். அவ கேட்டது கிடைச்சிடுச்சு. இனி நிம்மதியாத் தூங்குவா." பாயை மார்போடு இறுக்கினார். "நான் இல்லாமலே தூங்குவா."

மதர் தெக்லா பாயைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"பிரிக்கத் தெரியணும்னு வந்த அன்னைக்குக் கேட்டீங்களே. இத்தனை நாளா இந்த வாசல்ல இருந்ததுல, இப்ப எது கஷ்டப்படுதோ, அது நீங்க சிஸ்டர். மிச்சமெல்லாம் ஆண்டவர்."

ஜெனோவா கதவை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

உள்ளே பிள்ளை லேசாகச் சிணுங்கி அடங்கியது. கதவு ஒருதரம் உட்பக்கமாக இழுபட்டது. தாழ்ப்பாள் சிக்கி, விட்டு, முழுக்கப் போய் விழுந்தது.